நாற்பத்தேழாவது வண்டி

என் வீட்டுக்காரர் மோட்டார்சைக்கிள்களைப் பற்றி எழுதுகிறவர். மாதப் பத்திரிகை ஒன்றில் பன்னிரண்டு வருடமாக ‘தனிப்பயணம்’ என்று ஒரு பகுதி வருகிறது. புதிதாக வருகிற வண்டியை ஓட்டிப் பார்த்து, முதல் ஓட்டத்தில் மனசுக்கு என்ன பட்டது என்று அதில் எழுதுவார். வாசகர்கள் கடிதம் போடுவார்கள். ‘நீங்கள் வளைவில் சாய்ந்ததைப் படித்தபோது நாற்காலியில் நானும் சாய்ந்தேன்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பாவம், எங்கே போய் விழுந்தாரோ.

ஒரே ஒரு சின்ன சங்கதி. என் வீட்டுக்காரருக்கு மோட்டார்சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஓட்டுவது நான்.

முன்பு அவர் அந்தப் பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். வண்டியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர் திடீரென்று வேலையை விட்டுப் போய்விட, ஆசிரியர் அறையிலிருந்து வெளியே வந்து, “இங்க யாருக்குய்யா வண்டி ஓட்டத் தெரியும்?” என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் குனிந்துகொண்டார்கள். இவர் நிமிர்ந்து பார்த்தார். தான் செய்த தப்பு அப்படி நிமிர்ந்தது ஒன்றுதான் என்று இன்றைக்கும் சொல்வார். ‘தெரியாது’ என்று சொல்ல வாய் இருந்ததே என்று கேட்டால் பேப்பரை எடுத்து விரித்துக்கொள்வார்.

அந்தச் சனிக்கிழமை கம்பெனிக்காரர்கள் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். இவர் ஹெல்மெட்டை மாட்டினார், ஏறினார், கிளப்பினார். எங்கள் கேட்டுக்கு வெளியே இரண்டு கஜம்கூடப் போகவில்லை. வண்டி மேலே, இவர் கீழே. முன்சக்கரம் மட்டும் எதுவும் நடக்காதது மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. என் அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். பள்ளிக்கூடச் சீருடையைக் கழற்றாமலே அங்கே இருந்த பழைய வண்டிகளை எடுத்துக்கொண்டு சுற்றியவள் நான். வண்டியைத் தூக்கி நிறுத்தினேன்.

“ஏதாவது உடைஞ்சிருக்கா பாரும்மா. ஒரு ரவுண்டு போய்ப் பார்த்துடலாம்” என்று பின்னால் ஏறிக்கொண்டார். அன்றைக்கு ஏறியவர்தான். இன்னும் இறங்கவில்லை.

அதிலிருந்து வழக்கமாகிவிட்டது. வண்டி வருகிற சனிக்கிழமை விடிந்ததும் அவருடைய தோல் ஜாக்கெட்டை நான் போட்டுக்கொள்வேன். தோள் தொங்கும், கை நீளும், மடித்து விட்டுக்கொள்வேன். முடியை முழுக்க ஹெல்மெட்டுக்குள் திணித்துக்கொள்வேன். அவர் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு உட்காருவார். என் முதுகுதான் மேஜை. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாரும் முன்னால் இருப்பது அவர், பின்னால் இருப்பது நான் என்றுதான் நினைத்தார்கள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தால் அது ஆம்பிளைதான் என்று ஊர் உலகமே முடிவு கட்டி வைத்திருக்கிறது. நாங்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

போகிற போக்கில் நான் கத்துவேன். அவர் அதை நல்ல தமிழாக்கி முதுகில் எழுதுவார். “பிரேக்கு பிடிச்சா யோசிச்சு யோசிச்சு நிக்குது!” என்றால், ‘தடுப்பு விசையில் ஒரு மெல்லிய தயக்கம்’ என்று வரும். “சனியன், ரெண்டாவது கியர்ல இருமுது!” என்றால், ‘இரண்டாம் நிலையில் இயந்திரம் தொண்டையைச் செருமிக்கொள்கிறது’ என்று வரும். படிக்க நன்றாகத்தான் இருக்கும். அதை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மனுஷனுக்கு எழுத வரும்.

எனக்கு ஒப்பிட்டுப் பார்க்க வரும். அதுதான் என் பிழைப்பே. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறேன். பத்தொன்பது வருடமாக அதே இருட்டறை, அதே நாற்காலி. வருகிறவர் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, “முதல்ல போட்டது நல்லாருக்கா, இப்ப போட்டதா?” என்று கேட்பேன். நாளைக்கு இருநூறு தடவையாவது கேட்பேன். பாதிப் பேர் “ரெண்டும் ஒண்ணுதாங்க” என்பார்கள். எனக்கு எந்த இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. போன வருடம் ஓட்டிய வண்டியின் கிளட்ச் எங்கே பிடித்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் விரலில் காட்டுவேன்.

இவருக்குத் தானாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், பின்சீட்டு. அதனால் ஒவ்வொரு கட்டுரையிலும் பின்சீட்டுக்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்கிவிடுவார். கைப்பிடி எட்டுகிறதா, கால் வைக்கிற இடம் சுடுகிறதா, பள்ளத்தில் விழும்போது முதுகெலும்பு என்ன சொல்கிறது என்று உருகி உருகி எழுதுவார். மற்ற பத்திரிகைக்காரர்கள் வேகத்தை எழுதிக்கொண்டிருக்க, பின்னால் உட்காருகிற சீவனைப் பற்றிக் கவலைப்படுகிற ஒரே ஆண்மகன் என்று இவருக்குப் பெயர் வந்துவிட்டது. மனைவிமார்கள் நன்றிக் கடிதம் எழுதினார்கள். ஒரு கடிதத்தில், ‘உங்கள் மனைவி கொடுத்து வைத்தவர்’ என்று இருந்தது. அதை நானே அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மனுஷன் தலையைத் தூக்கவில்லை.

பத்தாவது வருடம் கேட்டேன். “ஏங்க, கடைசியில ஒரே ஒரு வரி. ஓட்டினது என் மனைவின்னு. எனக்குப் பேரு, படம், எதுவும் வேணாம். அந்த ஒரு வரி போதும்.”

“போடலாம்மா. நல்ல சமயம் பார்த்துப் போடலாம்.”

“எப்ப?”

“அடுத்த வண்டிக்கு.”

அடுத்த வண்டி வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. பிறகு நான் கேட்கவில்லை. கேட்காததால் ஆசை விட்டுப்போயிற்று என்று அவர் நினைத்துக்கொண்டார். கடைக்கு வருகிற யாராவது அந்தப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு காத்திருந்தால் எனக்கு வயிறு எரியும். வாயைத் திறந்தால் ‘அது நான்’ என்று வந்துவிடும் என்று வில்லைப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே இருப்பேன்.

இந்த நிலைமையில்தான் ஒரு கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. புது வண்டி ஒன்று செய்திருக்கிறார்கள். கடைக்கு வர ஒரு மாதம் இருக்கிறது. தொழிற்சாலைக்குள்ளேயே இருக்கிற சோதனைத் தடத்தில் முதன்முதலாக ஓட்டிப் பார்க்க இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மற்ற பத்திரிகைக்காரர்களுக்கு அடுத்த வாரம்தான். ‘இந்த வண்டி உருவாகக் காரணமே உங்கள் கட்டுரைகள்தான்’ என்று கடைசியில் ஒரு வரி.

இவர் முகத்தில் ஈயாடவில்லை. வீட்டு வாசல் என்றால் நான் இருக்கிறேன். நாலு பேர் முன்னால், பட்டப்பகலில், தடத்தில்? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் வலது மணிக்கட்டைச் சுற்றித் தலையணை பருமனுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

“சுளுக்கு” என்றார்.

“எப்ப ஆச்சு?”

“வெள்ளிக்கிழமை ஆகும்” என்றார். அன்றைக்குப் புதன்கிழமை.

வெள்ளிக்கிழமை போனோம். நீளமான கொட்டகை, அதற்குப் பின்னால் தார் போட்ட வளையம், ஓரத்தில் டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். வண்டியைச் செய்த பொறியாளர் எங்களை எதிர்கொண்டு வந்தார். நாற்பது வயசு இருக்கும். தடித்த கண்ணாடி. எதையும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே பார்த்தார். கண்ணாடியின் அச்சு தப்பு, வில்லையைக் கோணலாகப் பொருத்தியிருக்கிறார்கள் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. நாலைந்து வருடமாக அப்படியே சாய்ந்து பழகிவிட்டிருப்பார், பாவம். கக்கத்தில் ஒரு கோப்பு வைத்திருந்தார்.

இவர் கட்டுப் போட்ட கையைக் காட்டினார். “வெள்ளிக்கி... அதாவது, சுளுக்கிடுச்சு. என் வீட்டுல ஓட்டுவாங்க. நான் பின்னாடி உக்காந்து பாத்துக்கறேன்.”

“அடடா” என்றார் பொறியாளர். “ஆனா சார், தடத்துல ஒரு வண்டிக்கு ஒரு ஆள்தான். பாதுகாப்பு விதி. மேடம் நல்லா ஓட்டுவாங்கன்னா அவங்களே தனியா ரெண்டு சுத்து போயிட்டு வரட்டும். எப்படி இருந்துச்சுன்னு உங்ககிட்ட சொல்லட்டும்.”

தனியாக. எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. நாற்பத்தாறு வண்டி ஓட்டியிருக்கிறேன். ஒன்றையாவது தனியாக ஓட்டியிருக்கிறேனா என்று யோசித்தேன். இல்லை. ஒவ்வொரு தடவையும் முதுகில் ஒரு பேனா ஊர்ந்துகொண்டிருந்தது. “நீ மட்டும் போனா நான் எதைம்மா எழுதறது?” என்பார். அதுவும் நியாயமாகத்தான் பட்டிருந்தது. அப்பாவின் டிரைவிங் ஸ்கூல் மைதானத்துக்குப் பிறகு, என் பின்னால் யாரும் இல்லாமல் நான் ஒரு வண்டியில் உட்காரப் போவது அதுதான் முதல் தடவை.

வண்டி அழகாக இருந்தது. கரும்பச்சை நிறம். பின்சீட்டு மட்டும் சோபா அகலத்துக்கு இருந்தது. சாய்ந்துகொள்ள மெத்தை, இரண்டு பக்கமும் கைப்பிடி. என் வீட்டுக்காரர் அதைத் தடவிப் பார்த்தார். அவர் கண் கலங்கியதை நான் கவனித்தேன்.

கிளப்பினேன். முதல் நேர்கோட்டிலேயே நெஞ்சு விம்மிவிட்டது. வாயைத் திறந்து எதையும் கத்த வேண்டியதில்லை. முதுகில் காற்று. எனக்கே எனக்காகச் சிரித்தேன், ஹெல்மெட்டுக்குள் கொஞ்சம் அழவும் செய்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மூன்றாவது வளைவில் சிரிப்பு நின்றது. அங்கே தாரில் சின்னதாக ஒரு பள்ளம். மற்ற வண்டிகள் ஏப்பம் விடுகிற மாதிரி கடந்து போகிற பள்ளம்தான். இந்த வண்டி என்னைச் சீட்டிலிருந்து ஒரு சாண் தூக்கிப் போட்டது. இரண்டாவது சுற்றில் மெதுவாக வந்தேன், அப்போதும் தூக்கியது. பிரேக் பிடித்தால் பின்சக்கரம் தரையில் நில்லாமல் தத்தித் தத்திப் போனது. கொண்டுவந்து நிறுத்தினேன்.

“எப்படி இருக்கு மேடம்?” என்றார் பொறியாளர், தலையைச் சாய்த்து.

“இஞ்சின் தங்கம். கியர் வெண்ணெய். ஆனா பின்சக்கரம் தரையிலயே நிக்கலைங்க. மூணாவது வளைவுல ரெண்டு தடவையும் தூக்கிப் போட்டுது. பின்னாடி ஸ்பிரிங்கை எதுக்கு இவ்ளோ இறுக்கி வெச்சிருக்கீங்க?”

அவர் முகம் வாடியது. “எங்க ஆளுங்களும் அதைத்தான் சொன்னாங்க மேடம். நான்தான் ஒத்துக்கல. சார் எழுதினதை விடவா?” என்று கோப்பைத் திறந்தார். பன்னிரண்டு வருடத்துக் கட்டுரைகள். அத்தனையும் வெட்டி ஒட்டி, சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தார். “பாருங்க. ‘பின்புறம் பாரம் தாங்காமல் பணிகிறது.’ அடுத்த வண்டி, ‘பின்புறம் களைத்து அமர்கிறது.’ இது இன்னொரு கம்பெனி வண்டி, ‘பின்புறம் பெருமூச்சு விடுகிறது.’ எந்த வண்டியா இருந்தாலும் சார் இதைச் சொல்லாம விட்டதே இல்ல. தனியா ஓட்டறவரே இப்படிச் சொன்னா, ரெண்டு பேர் உக்காந்தா என்ன ஆகும்? அதான் மூணு தடவை ஸ்பிரிங்கை மாத்தி இறுக்கினேன்.”

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தன் தொப்பையைப் பார்த்தார்.

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அடக்க அடக்க முட்டிக்கொண்டு வந்தது. “பின்னாடி உக்காருதுங்க!” என்று பன்னிரண்டு வருடமாகக் கத்தியவள் நான்தான். உட்காராமல் என்ன செய்யும், பின்னால் இருந்தது யார்? ஒரு தொழிற்சாலையே என் வீட்டுக்காரர் எடைக்கு ஏற்றபடி ஒரு வண்டியைச் செய்து வைத்திருக்கிறது.

பொறியாளர் சிரிக்கவில்லை. என் கால் நிற்கிற விதத்தை, ஜாக்கெட்டின் கை மடிப்பை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். “மேடம், இதுக்கு முன்னாடி எத்தனை வண்டி ஓட்டியிருப்பீங்க?”

“நாப்பத்தாறு. இதோட நாப்பத்தேழு” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. கேட்டார், வந்துவிட்டது.

அவர் கோப்பை மூடினார். அட்டையின் மேல் பெரிதாக எழுதியிருந்தது: மொத்தம் 46. அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். இனி பூசி மெழுக வழியில்லை. பன்னிரண்டு வருடம் ஆசைப்பட்டது நடக்கப் போகிறது, ஆனால் இவர் மானம் போய் அது நடக்க வேண்டுமா என்றும் இருந்தது. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயெடுத்தேன்.

இவர் முந்திக்கொண்டார். கட்டை அவிழ்க்க ஆரம்பித்தார். நீளமான கட்டு, அவிழ்ந்துகொண்டே இருந்தது. “எனக்கு ஓட்டத் தெரியாதுங்க. எல்லாத்தையும் ஓட்டினது இவதான். நான் பின்னாடி உக்காந்து எழுதினேன். தைரியம் இல்ல. வேற ஒண்ணும் இல்ல” என்றார். குரல் உடைந்துவிட்டது. எனக்குள் பழைய கோபம் இருந்தது, ஆனாலும் அந்த நிமிடம் அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது.

பொறியாளர் என்ன கேட்கப் போகிறாரோ என்று இரண்டு பேரும் நின்றோம். அவர் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“சார், நீங்க எத்தனை கிலோ?”

“எண்பத்து நாலு.”

குறித்துக்கொண்டார். “அந்த விதியைக் கொஞ்ச நேரம் மறந்துடுவோம். ரெண்டு பேரும் ஏறுங்க.”

இருவரும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினோம். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாவது வளைவில் பள்ளம் இருந்ததே தெரியவில்லை. “பேனாவ எடுக்காதீங்க!” என்று கத்தினேன். “எடுக்கலம்மா!” என்றார் பின்னாலிருந்து. கம்பெனிப் புகைப்படக்காரர் டயர் அடுக்குக்குப் பின்னால் குனிந்து நின்று படம் எடுத்தார்.

திரும்பி வந்ததும் பொறியாளர் ஆட்களைக் கூப்பிட்டு ஸ்பிரிங்குகளைக் கழற்றச் சொன்னார். முதலில் செய்து, இவர் கட்டுரையைப் படித்துவிட்டு ஒதுக்கி வைத்த பழைய ஸ்பிரிங்கைத் தேடி எடுத்து மாட்டினார்கள். நான் தனியாக ஒரு சுற்றுப் போய் வந்தேன். அதை எடுத்துவிட்டு நடுத்தரமானதை மாட்டினார்கள். இன்னொரு சுற்று. வந்து நிறுத்தினேன். அவர் பக்கத்தில் வந்து, தலையைச் சாய்த்துக்கொண்டு, வேறு யாரையும் பார்க்காமல் என்னிடம் கேட்டார்:

“முதல்ல போட்டது நல்லாருக்கா மேடம், இப்ப போட்டதா?”

பத்தொன்பது வருடமாக நான் ஊரையெல்லாம் கேட்கிற கேள்வி. என்னை ஒருத்தரும் கேட்டதில்லை. விசாரித்துவிட்டு எழுதிக்கொள்ளக் காத்திருந்தார் அந்த மனிதர்.

“முதல்ல போட்டது” என்றேன். “ஒரு பிடி மட்டும் இறுக்குங்க. அப்புறம், உங்க கண்ணாடி அச்சு தப்பா இருக்கு. ஒரு நாள் கடைக்கு வாங்க.”

அன்றைக்கே இவர் கட்டுரையை எழுத உட்கார்ந்தார். மூன்று தடவை கிழித்துப் போட்டு நாலாவது தடவை எழுதினார். எனக்குப் படித்துக் காட்டினார். ‘இந்த வண்டியை நான் ஓட்டவில்லை. இதற்கு முந்தைய நாற்பத்தாறையும் நான் ஓட்டவில்லை. ஓட்டியது என் மனைவி’ என்று ஆரம்பித்தது. நான் ஒரு வரிதான் கேட்டிருந்தேன். அவர் மூன்று எழுதியிருந்தார். அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

இதழ் வந்தது. எங்கள் கண்ணாடிக் கடைக்கு வருகிற பிரதியைத்தான் முதலில் பிரித்தேன். கட்டுரை, ‘கரும்பச்சை நிறத்தில் ஒரு கம்பீரம்’ என்று இரண்டாவது பத்தியிலிருந்து தொடங்கியது. முதல் பத்தியைக் காணோம். நாங்கள் இரண்டு பேரும் வளைவில் சாய்ந்து வருகிற படத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். முன்னால் ஜாக்கெட்டோடு நான், பின்னால் கையைக் கட்டிக்கொண்டு அவர். கீழே எழுதியிருந்தது: ‘சீறிப் பாயும் நம் கட்டுரையாளர். பின் இருக்கையில் நிம்மதியாக அவர் மனைவி.’

வீட்டுக்கு வந்து இதழை அவர் முன்னால் போட்டேன். அவர் படித்தார். காது மடல் சிவந்துவிட்டது. நான் பார்க்க, வாழ்க்கையில் முதல் தடவையாக ஆசிரியரைத் தானே போனில் கூப்பிட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டார்.

“சார், முதல் பத்தி எங்க சார்?”

“அதுவா?” ஆசிரியர் சிரித்தார். “நல்ல தமாஷ்யா. ஆனா நம்ம வாசகர்கள் தமாஷை அப்படியே நம்பிடுவாங்க, அதான் எடுத்துட்டேன். படம் பிரமாதம். ஆமா, வீட்டம்மாவும் வந்திருந்தாங்க இல்ல? பின்சீட்டு அவங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்டு எழுதிக் கொடு. பெண் பார்வையில் பின்சீட்டு. அடுத்த இதழ்ல போட்டுடலாம்.”

இவர் போனை என்னிடம் நீட்டினார். “நீயே சொல்லும்மா” என்றார். “நான் சொன்னா தமாஷ்ங்கறார்.”

வாங்கினேன்.

“வணக்கம் சார். பின்சீட்டப் பத்தி எழுத எங்க வீட்டுல ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார். பன்னெண்டு வருஷ அனுபவம். முன்சீட்டப் பத்தி வேணும்னா சொல்லுங்க, நான் எழுதறேன்.”

அந்தப் பக்கம் காகிதம் புரளுகிற ஓசை கேட்டது. படம் இருக்கிற பக்கத்தைத் தேடுகிறார் போலிருக்கிறது.

“முன்னாடி உக்காந்திருக்கறது...” என்று இழுத்தார்.

“நல்லா பாருங்க சார். ஜாக்கெட்டு தோள்ல தொங்குது பாருங்க” என்றேன்.